இரண்டு ரீலும் ஒரு வெள்ளைக் கொடியும்

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மீன்பிடி சாமான் கடையில், கடைக்காரர் என்னைப் பார்த்துச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா டீச்சர்?"

எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். பயம் வந்தவுடன் மணியைப் பார்ப்பது என் பழக்கம். (பிறகு பொலிஸ் கேட்டால் சொல்ல வேண்டுமே.)

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். மின்னலுக்கு ஏன் பயப்படத் தேவையில்லை என்று பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு, மழை வந்தால் வீட்டில் எல்லா வயரையும் கழற்றிவைப்பவள். பதுளைக்கு ரயிலில் போனபோது, மகள் கதவருகே போய் நின்றுவிடக் கூடாது என்று, பட்டிப்பொல வருவதற்கு முன்பே அவளுடைய சால்வை நுனியை என் கைப்பை வாரோடு முடிந்துவைத்தவள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. அந்த முடிச்சை அவிழ்க்காமலே பதுளையில் இறங்கினோம் என்பதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த மகள்தான் நிரோஷா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலை, தேயிலைக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். போனில் யார் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து இவளுக்கும் ஆசை வந்துவிட்டது. கொழும்பில் இருக்கும் என் தம்பி நல்லதாக ஒரு தூண்டில் கம்பு வாங்கி அனுப்பினான். ரீலை மட்டும் அனுப்பவில்லை. "அத அக்கா வாங்கிக் குடுக்கட்டும்" என்றானாம். என் உயிரை எடுப்பதற்கென்றே எனக்குப் பின்னால் பிறந்தவன்.

ரீல் என்பது கம்பின் அடியில் பூட்டுகிற சின்ன இயந்திரம். நூலைச் சுற்றி வைத்திருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் நூல் உள்ளே வரும். அதில் ஒரு பிரேக் உண்டு. மீன் இழுக்கும்போது நூலை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அந்தப் பிரேக்தான் தீர்மானிக்கும். இவ்வளவும் நான் அந்தக் கடையில் கற்றுக்கொண்டது. கற்காமல் இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

"நீந்தத் தெரியாது நானா" என்றேன். (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்.)

"அப்ப யோசிச்சித்தான் எடுக்கணும்" என்றார் கடைக்கார நானா. "எங்கட்ட இருக்கிறது ஹயாமோ. பிரேக் இரும்பு மாதிரி. அந்தா, முன்னுக்கு இருக்கிற கடையில மகரான்னு ஒண்டு விப்பாங்க. அதுட பிரேக் பிடிக்கிறதே இல்ல. மீன் இழுத்தா நூல் சர்ருனு ஓடும். பிள்ள என்ன செய்யும்? நூலப் பிடிக்க முன்னுக்குப் போகும். கரையெல்லாம் சேறு. வழுக்கினா..."

அதோடு நிறுத்திக்கொண்டார். வியாபாரம் தெரிந்த மனிதர். மிச்சத்தை நானே பார்த்துக்கொள்வேன் என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். அங்கே இருந்த சிங்கள முதலாளி நல்ல மனிதர், தமிழும் பேசுவார். ஹயாமோ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"எப்பா டீச்சர், எப்பா!" (வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் கேட்கும்போது பயம் இரண்டு மடங்காகிறது.) "அந்த பிரேக் இறுகினா இறுகினதுதான். மீன் இழுக்கும். ரீல் நூல் குடுக்காது. பிள்ளயும் கம்ப விடாது. பிள்ள எத்தின கிலோ?"

சொன்னேன். நிரோஷா மெலிந்த பிள்ளை. முதலாளி ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையாட்டுவதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"மீன் பெரிசு டீச்சர். பிள்ள சின்னது."

ஆக விஷயம் தெளிவாகிவிட்டது. ஹயாமோ என்றால் இழுபட்டுப் போவாள். மகரா என்றால் வழுக்கிப் போவாள். எப்படிப் போவது பரவாயில்லை என்பதைத்தான் தாய் தீர்மானிக்க வேண்டும். நானாவிடம் திரும்பிப் போய் முதலாளி சொன்னதைச் சொன்னேன். முதலாளியிடம் வந்து நானா சொன்னதைச் சொன்னேன். இப்படி நான் ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டே இருந்ததில் ஒரு பஸ்காரன் பிரேக் போட்டு, யன்னலால் தலையை நீட்டி, எழுத முடியாத ஒன்றைச் சொன்னான். (அந்தப் பிரேக் நன்றாகப் பிடித்தது. அது என்ன பிராண்ட் என்று கேட்கத் தோன்றியது.) மதியத்துக்குள் இரண்டு கடைக்காரர்களுக்கும் என் மகளின் உயரம், நிறை, கண்ணாடியின் பவர், சின்ன வயதில் வந்த வலிப்பு எல்லாம் தெரிந்திருந்தது. கடைசியில் இரண்டு ரீலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் கணவர் தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கர். நிதானமான மனிதர்.

"ஏன் ரெண்டு?" என்றார்.

"ஒண்ணு ஆபத்துங்க."

"மத்தது?"

"அதும் ஆபத்துதான்."

"அப்ப ரெண்டு ஆபத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்திருக்க."

"ஒப்பிட்டுப் பாக்க வேணாமா?"

விஞ்ஞான ஆசிரியை அல்லவா, பரிசோதனை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்து, நூலின் நுனியைக் கணவரின் இடுப்புப் பட்டியில் கட்டினேன். மீன் அவர். நிரோஷாவின் இடத்தில் நான். முதலில் ஹயாமோவைப் பூட்டி, "இழுங்க!" என்றேன். அவர் இழுத்தார். முதலாளி சொன்னது சரி. நான் செருப்பை விட்டுவிட்டு டேலியாப் பாத்திக்குள் போய் விழுந்தேன். பிறகு மகரா. நானா சொன்னதும் சரி. மீன் வாசல் படலையைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டது. நூல் போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தொரையின் ஜீப் வந்து நின்றது. ஜீப்புக்கு முன்னால் இடுப்பில் தங்கூசி நூலோடு தோட்டத்து டீமேக்கர். தோட்டத்தின் மனேஜர் தொரை மரியாதை தெரிந்தவர், ஒன்றும் கேட்கவில்லை. நூல் எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து, பூப்பாத்தி வரை வந்து, என்னைப் பார்த்தார். நான் கம்போடு கும்பிட்டேன்.

"அம்மா, அப்பா சைஸ்ல காசல்ரீல மீனே இல்லம்மா" என்றாள் நிரோஷா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

சிரிக்கிறவள் சிரிக்கட்டும் என்று இரண்டு ரீலையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை என் கைப்பையின் உள்பையில் போட்டுக்கொண்டேன். முடிவெடுக்கும் வரை ரீல் கிடையாது. அவள் தினமும் கேட்டாள். நான் தினமும், "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யாராவது இறந்தால் கதிரை, தகரக் கொட்டகை, வெள்ளைக் கொடி, சீனி, தேயிலை எல்லாம் சங்கத்திலிருந்து வரும். சந்தியிலிருந்து இழவு வீடு வரைக்கும் கொடி கட்டுவார்கள். ஆனால் முன்பெல்லாம், யார், எப்போது, எப்படி என்று விசாரித்து முடிப்பதற்குள் பிரேதத்தை எடுத்துவிடுவார்கள். ஒரு தடவை அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்த பிறகுதான் கதிரை வந்தது. நான் சங்கத்தின் செயலாளர். இதைத் தாங்க முடியாமல் கூட்டத்தில் எழுந்து பேசினேன். "செய்தி வந்ததும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் சாமான் போக வேண்டும். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேள்வி கேட்பது மனிதத்தன்மை இல்லை" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் ராமையா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். எழும்பியபோது வீடு அசாதாரணமாக அமைதியாக இருந்தது. யன்னல் முழுக்க மூடுபனி. "நிரோ" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அறையில் அவள் இல்லை. போன் சார்ஜில் கிடந்தது. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த தூண்டில் கம்பைக் காணவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் எனக்கு விரல் குளிர்ந்துவிடுகிறது. நான் யோசிக்கவே இல்லை. யோசனையெல்லாம் ஒரு கிழமையாக ஏற்கெனவே முடிந்திருந்தது. கரை, சேறு, நூல், மீன் எல்லாவற்றையும் நான் மனதுக்குள் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன படம் அது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், தேயிலைக்கு நடுவில் போகும் குறுக்குப் பாதையில் கீழே ஓடினேன்.

வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவம். பெண்கள் சாக்கை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் பாக்கியம் அக்கா முன்னால் வந்தார்.

"என்ன டீச்சரம்மா, இப்படி ஓடியாறீங்க?"

"எம் புள்ளைய மீனு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு!"

காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். கம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். படித்தவள் சொன்னது இதுதான்.

ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. எல்லோரும் சாக்கை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு ஓடி வந்தார்கள். மீன் ஓர் ஆளை இழுக்குமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்காவது தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். ஆனால் சொன்னது விஞ்ஞான டீச்சர்.

கரையில் ஒன்றும் தெரியவில்லை. பனி தண்ணீர்மேல் படுத்துக்கிடந்தது. எங்கே தரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நீர் வற்றிய இடத்தில் சிவப்புச் சேறு. அதில் காலடித் தடங்கள் தண்ணீரை நோக்கிப் போயின. திரும்பி வந்த தடத்தை நான் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. (அந்தக் கரைக்கு ஊரில் பாதிப்பேர் குளிக்க வருகிறார்கள் என்பது அப்போது எப்படி ஞாபகம் வரும்?) "நிரோ! நிரோ!" என்று கத்தினேன். மலையில் பட்டு என் குரல்தான் திரும்பி வந்தது. அவள் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். முழங்காலுக்கு மேலே ஏறியது குளிர். பாக்கியம் அக்கா பின்னாலிருந்து என் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, நீங்களும் போயிறாதீங்க! ஒண்ணு போனது போதும்!"

'ஒண்ணு போனது.' இதைவிடப் பயங்கரமான இரண்டு வார்த்தைகளை நான் இதுவரை கேட்டதில்லை. அந்த நேரத்திலும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். எந்த ரீல்? என் பிள்ளையை இழுத்தது ஹயாமோவா, மகராவா?

கணவரைக் கூப்பிடுவதற்காகக் கைப்பைக்குள் போனைத் துழாவினேன். விரலில் ஏதோ குளிர்ந்தாற்போல் பட்டது. அலுமாரிச் சாவி.

இரண்டு ரீலும் அலுமாரிக்குள். சாவி என்னிடம். அவளிடம் ரீலே இல்லை.

அங்கேயே எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது வேறு. ரீல் இல்லாவிட்டால் நூலை எதில் கட்டியிருப்பாள்? மணிக்கட்டில் கட்டியிருப்பாள்! பிரேக்கே கிடையாது! நான் ஒரு ரீலைக் கொடுத்திருந்தால், எந்தக் கழுதை ரீலாக இருந்தாலும் கொடுத்திருந்தால், பிள்ளை அதையாவது கைவிட்டிருப்பாள். அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ சொல்லியனுப்பி, கணவர் தொழிற்சாலையிலிருந்து ஓட்டோவில் வந்தார். எதற்கும் பதறாத அந்த மனிதர் ஓட்டோ நிற்பதற்கு முன்பே குதிப்பதை அன்றுதான் பார்த்தேன். அது என் கடைசித் துணிச்சலையும் எடுத்துவிட்டது.

"வா, முதல்ல வீட்டப் பாப்பம்" என்றார். "வீட்டுக்கு வந்திருப்பா. வந்திருப்பா." இரண்டாவது தடவை சொன்னது தனக்குத்தான்.

ஓட்டோ சந்தியில் திரும்பியது. முதல் கம்பத்தில் ஒரு வெள்ளைக் கொடி. அடுத்த கம்பத்திலும் வெள்ளைக் கொடி. அதற்கடுத்த மரத்திலும். வரிசையாக எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. வாசலில் தகரக் கொட்டகை பாதி எழும்பியிருந்தது. கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கிடைத்துவிட்டாள். எங்களுக்கு முன்பே அவளைத் தூக்கி வந்துவிட்டார்கள். நான் சத்தம் போட்டு அழவில்லை. யாரோ என்னை முதல் வரிசைக் கதிரையில் உட்காரவைத்தார்கள்.

ராமையா அண்ணன் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், நீங்க கூட்டத்துல சொன்ன மாதிரியே எல்லாம் உடனே வந்துருச்சு. ஒருத்தரயும் ஒரு கேள்வி கேக்கல."

"எங்க வச்சிருக்கீங்க அண்ணே?"

"எத டீச்சர்?"

"எம் புள்ளைய."

அவர் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது... நீங்கதானே டீச்சர் சொல்லணும்."

கணவருக்குத்தான் முதலில் ஏதோ விளங்கியது. "அண்ணே, உங்களுக்கு யாரு சொன்னா?"

"மடுவத்துல இருந்து ஆள் வந்துச்சு."

"மடுவத்துக்கு யாரு சொன்னா?"

கொட்டகைக்குக் கீழே நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கொடியைப் பார்த்து நம்பினேன். கொடி என்னைக் கேட்டு நம்பியிருக்கிறது.

அப்போது ரோட்டிலிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல். நிரோஷா! கொழும்பு ரோட்டில் வந்த பஸ்ஸில் ஹட்டன் வந்து, அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, கொடி போகும் வழியெல்லாம் ஓடி வந்திருக்கிறாள். ஒரு கையில் தூண்டில் கம்பு. மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் கண்ணீர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், முதல் கதிரையில் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள். பிறகு என்மேல் விழுந்தாள். நான் அவளை அடித்தேன். முத்தம் கொடுத்தேன். மறுபடியும் அடித்தேன்.

"கொடி நம்ம வீட்டுப் பக்கம் திரும்பினதும் நீங்கதான்னு நெனச்சிட்டேன்மா" என்று விம்மினாள். "பயந்து பயந்தே செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"எங்கடி போன?"

"கினிகத்தேனைக்கு. என்னோட படிச்ச ரஜனி வீட்டுக் கடையில, கம்புல பூட்டி ரீல் பாக்க."

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொன்னா நீங்களும் வந்திருப்பீங்க. அங்கயும் ரெண்டு வாங்கியிருப்பீங்க."

அவ்வளவு நேரம் மார்பில் அடித்துக்கொண்டு அழுத பாக்கியம் அக்காதான் முதலில் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பார்த்தார், அடங்கவில்லை. பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, அதில் நூல் தடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிய கொடியைச் சும்மா அவிழ்ப்பது நல்லதில்லை, வந்தவர்கள் வாயை நனைக்காமல் போகவும் கூடாது என்றார் ராமையா அண்ணன். சங்கத்துச் சீனியில், சங்கத்துத் தேயிலையில், செத்துப்போயிருக்க வேண்டிய பிள்ளையே தேநீர் ஊற்றினாள். அடுத்த கூட்டத்தில் விதியை மாற்றினார்கள். செய்தி வந்தால் முதலில் விசாரிக்க வேண்டும். செய்தி டீச்சரிடமிருந்து வந்தால் இன்னொரு தடவை விசாரிக்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். நிரோஷா இப்போது மீன் பிடிக்கிறாள். எந்த ரீல் பூட்டியிருக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. அவளுடைய இடுப்புப் பட்டியை நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதால் எனக்கு அது தெரிவதுமில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. கோப்பை உடைந்தாலும், கரண்ட் போனாலும், சோறு அடிபிடித்தாலும், அப்பாவும் மகளும் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வி அவர்களுடையது அல்ல. அன்று தேநீரும் முடிந்து, கூட்டமும் கலையத் தொடங்கிய பிறகு, கடைசியாக வந்தவர்களுடையது.

வெள்ளைத் துணி வாங்க ஹட்டனுக்குப் போன சங்கத்து ஆள் பஸ் நிலையத்தில் செய்தியைச் சொல்லியிருக்கிறார். ரீல் வாங்கின டீச்சரின் மகளை மீன் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று. ஓர் ஓட்டோ வந்து படலையில் நின்றது. அதிலிருந்து நானாவும் முதலாளியும் இறங்கினார்கள். பல வருடமாக ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்தில் இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேசாதவர்கள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே மலர்வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். இரண்டு முகத்திலும் இரத்தமே இல்லை. நிரோஷா தேநீர்த் தட்டை நீட்டினாள். அவளை அவர்கள் கண்டதில்லையே. அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக என் முன்னால் வந்து நின்று, வளையத்தைக் கீழே வைக்காமலே, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்:

"டீச்சர்... அது எங்கட ரீல் இல்லதானே?"